மறுமொழி: ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணினி அறை – காசு அனுப்ப முன்னம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணினி அறை அமைக்க வெளிநாடுகளில் இருக்கும் நாம் காசு சேர்க்கிறோம். போன கிழமை சூமில் "காசு அனுப்புவதை ஒரு மாதம் பொறுப்போம், அதிபரிடம் சில விபரம் கேட்க வேண்டும்" என்று நான் சொன்னதும் ரொறன்ரோத் தம்பி சிரித்துவிட்டார். அண்ணை லண்டனில் கவுன்சில் கூட்டத்துக்குப் போய்ப் போய் எங்களையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்றார். பகிடிதான், எனக்குக் கோபமில்லை. ஆனால் மெல்பேர்ண் அக்காவும் தனி மடலில் கேட்டிருந்தார்: கவுன்சிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு, குப்பை அள்ளுவதும் ரோட்டுத் திருத்துவதும்தானே அவர்கள் வேலை?

இலங்கையில் பிரதேச சபையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம். ஊரில் பள்ளிக்கூடம் வலயக் கல்வி அலுவலகத்தின் கையில் இருக்கும். பிரதேச சபை சந்தை, வாசிகசாலை, ஒழுங்கை லைட் என்று நின்றுவிடும். இங்கிலாந்தில் அப்படியில்லை. பிள்ளைகள் சம்பந்தமான பொறுப்பு மொத்தம் 153 உள்ளூராட்சி அமைப்புகளிடம், அதாவது கவுன்சில்களிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது, விசேட தேவையுள்ள பிள்ளைக்கு உதவித் திட்டம் எழுதுவது, வீட்டில் அடிபடும் பிள்ளையைக் காப்பாற்றுவது, பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையை வளர்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். அப்படிக் கவுன்சில்களின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் இங்கிலாந்தில் 80,000க்கும் மேல். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர்க் கவுன்சிலர்கள் எல்லோரும் சேர்ந்து தாய் தகப்பன் என்று இங்கே சொல்வார்கள். குப்பை வண்டி பற்றிப் பேசி வோட்டு வாங்கிய மனிசனுக்கு, மறுநாள் சில நூறு பிள்ளைகள்!

இதில் என் இடம் சின்னது. கவுன்சிலில் ஆளுகிற கவுன்சிலர்கள் சிலர் அமைச்சரவை மாதிரி இருந்து முடிவெடுப்பார்கள். மற்றவர்கள் அந்த முடிவுகளைக் கேள்வி கேட்கும் குழுக்களில் இருப்பார்கள். அப்படிக் கேள்வி கேட்பதைத்தான் ஸ்குருட்டினி என்பார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு. அமைச்சரவையில் இருப்பவர் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. கல்வியைப் பார்க்கும் குழுவென்றால் பெற்றோர் பிரதிநிதிகள் குறைந்தது 2 பேர், கூடினால் 5 பேர் இருக்க வேண்டும். பள்ளி நிர்வாக சபைகளில் உள்ள பெற்றோர் வாக்குப் போட்டு அவர்களை அனுப்புவார்கள். அப்படித்தான் நான் போனேன். போட்டிக்கு ஆள் வரவில்லை, அதனால் வென்றேன் என்று பெருமை பேசவும் வழியில்லை. அங்கிலிக்கன் சபைக்கும் கத்தோலிக்கருக்கும் ஒவ்வொரு கதிரை உண்டு. எங்களுக்குக் கல்வி விஷயத்தில் மட்டும் வோட்டு. சிறுவர் பாதுகாப்புப் போன்ற சமூக சேவை விடயம் வந்தால் கதைக்கலாம், கை தூக்க முடியாது.

குழுவுக்குப் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமைச்சரவைக் கவுன்சிலரையும் அதிகாரியையும் கூப்பிட்டு முன்னால் இருத்தலாம். பரிந்துரை எழுதலாம், அதற்கு 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முடிவை மாற்று என்று கட்டளையிட முடியாது. கேள்விதான் ஆயுதம். கேள்வி மொட்டையாக இருந்தால் மாலை 7 மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு 9 மணிக்கு வீட்டுக்கு வரலாம். நான் முதல் ஆறேழு மாதம் அதைத்தான் செய்தேன்.

கூட்டத்துக்கு 5 வேலை நாளுக்கு முன்பே கட்டுக்கட்டாகத் தாள் வெளிவரும், யாரும் பார்க்கலாம். 200, 300 பக்கம். முக்கால்வாசி அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம். பச்சை கூடுதலாக இருந்தால் அறையில் எல்லோர் முகமும் இளகிவிடும். ஒருநாள் பிள்ளைகளின் பள்ளி வரவு பற்றிய அறிக்கை வந்தது, எல்லாம் பச்சை. அடுத்த விடயத்துக்குப் போகப் போகும்போது ஒரு வயதான கவுன்சிலர் அம்மா கையைத் தூக்கினார். முன்பு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை செய்தவர். அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் கணக்கு இடாப்பில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு. போன வருசம் பெயர் இருந்து இந்த வருசம் இல்லாத பிள்ளைகள் எங்கே?"

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விபரம் கையில் இல்லை, அடுத்த கூட்டத்துக்குத் தருகிறோம் என்றார்கள். 3 மாதம் கழித்து வந்தது. வேறு ஊருக்குப் போனவர்கள் பலர். வெளிநாட்டுக்குப் போனதாகச் சொல்லப்பட்டு உறுதி செய்யப்படாதவர்கள் சிலர். 11ஆம் வகுப்புப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்பாக, "வீட்டிலேயே படிப்பிக்கிறோம்" என்று பெற்றோரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பெயர் எடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கெட்டிக்காரப் பெற்றோர் விரும்பி வீட்டில் படிப்பிப்பது வேறு. பெறுபேறு விழுந்துவிடும் என்று பள்ளிக்கூடம் ஆளை மெல்ல வெளியே தள்ளுவது வேறு. இரண்டும் அட்டவணையில் ஒரே பெட்டிக்குள் விழும். பிள்ளை போனதும் அந்தப் பள்ளிக்கூடத்தின் வரவுக் கணக்கு இன்னும் பச்சையாகிவிடும்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கதிரை எதற்கென்று விளங்கியது. தாளில் இருப்பதை வாசிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். தாளில் இல்லாத பிள்ளையைக் கேட்கத்தான் எங்களை இருத்தியிருக்கிறார்கள்.

இதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே கதை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற 8 வயதுப் பிள்ளை லண்டனில் செத்துப்போனாள். ஐவரி கோஸ்ட்டில் பிறந்து, நல்லாய்ப் படிக்கலாம் என்று சொந்தக்காரியோடு அனுப்பப்பட்டவள். அவள் கதை ஈலிங், பிரென்ட், ஹாரிங்கே, என்ஃபீல்ட் என்று நான்கு பகுதிச் சமூக சேவைகளுக்குத் தெரிந்திருந்தது. பொலிசுக்கும் 2 ஆஸ்பத்திரிகளுக்கும் தெரிந்திருந்தது. காப்பாற்றக் குறைந்தது 12 சந்தர்ப்பம் இருந்தது என்று அது பற்றிய விசாரணையை நடத்திய லோர்ட் லேமிங் 2003இல் எழுதினார். ஈலிங்கும் பிரென்ட்டும் நம் சனம் நெருக்கமாக இருக்கும் இடங்கள். படிப்புக்காகப் பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விடுவது நமக்கும் புதிதில்லை. அந்த அறிக்கையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இனிமேல் "என் பொறுப்பு இல்லை" என்று யாரும் சொல்லக் கூடாது என்றுதான் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் கல்விக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே பணிப்பாளர், அவருக்கு மேலே பதில் சொல்ல ஒரே கவுன்சிலர் என்று வைத்தார்கள்.

அதன் பிறகும் வட இங்கிலாந்தின் ரொதரம் என்ற ஊரில் கொடுமை நடந்தது. 1997 முதல் 2013 வரை அந்த ஒரு ஊரில் குறைத்து மதிப்பிட்டாலும் ஏறத்தாழ 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று 2014 ஓகஸ்டில் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை சொன்னது. தெரியாமல் நடந்ததென்றால் மனம் ஒருவாறு ஆறும். 2002, 2003, 2006 என்று மூன்று தடவை அறிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுதியதை எடுத்து மேசையில் போட்டுக் கேட்க ஆள் இருக்கவில்லை. அடுத்த வருசம் அரசாங்கம் அனுப்பிய லூயிஸ் கேசி கவுன்சிலையே ஆராய்ந்து அறிக்கை தந்த அன்று கவுன்சிலின் அமைச்சரவை முழுவதும் பதவி விலகுவதாக அறிவித்தது. லண்டனிலிருந்து ஆணையாளர்களை அனுப்பினார்கள்.

பள்ளிக்கூடத்தை முன்னேற்றும் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே கவுன்சிலின் கை இப்போது கட்டப்பட்டிருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் அக்கடமியாக மாறத் தொடங்கின. இடைநிலைப் பள்ளிகளில் ஐந்துக்கு நான்குக்கு மேல் இப்போது அக்கடமிதான். அவை கல்வி அமைச்சோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டவை, கவுன்சில் சொன்னால் கேட்க வேண்டியதில்லை. பள்ளிகளை முன்னேற்றக் கவுன்சில்களுக்குத் தந்த மானியத்தை 2022இல் பாதியாக்கி, 2023இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் கல்வித் தரத்தை உயர்த்தும் கடமை மட்டும் சட்டத்தில் அப்படியே கிடக்கிறது. காசும் இல்லை, கட்டளையிடவும் முடியாது, கேள்வி மட்டும் எங்களிடம் வரும். ஒருமுறை ஒரு அக்கடமித் தலைமையைக் கூட்டத்துக்கு அழைத்தோம். வர வேண்டிய கட்டாயம் இல்லை என்று மரியாதையாக எழுதினார்கள். பிறகு பெற்றோர் சிலர் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் இருக்கத் தொடங்கியதும், தாங்களாகவே வந்தார்கள்.

கவுன்சில் நினைத்தால் ஒன்றும் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் 1997இல் இங்கிலாந்தின் 149 கல்விப் பகுதிகளில் 149ஆவது. கடைசி. வறுமையும் அங்கே கொடுமை. அந்தப் பகுதிதான் பத்துப் பதினைந்து வருசத்தில் நாட்டுச் சராசரியைத் தாண்டியது. இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் என்ற பேச்சைக் கவுன்சில் ஏற்கவில்லை. நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து நிறுத்தியது. பங்களாதேஷ் குடும்பங்களோடும் மசூதிகளோடும் கதைத்து, பள்ளி நடக்கும் காலத்தில் ஊருக்குப் போவதைக் குறைத்தது. நம்மவர்கள் தை மாதக் கலியாணத்துக்குப் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் பறப்பது ஞாபகம் வருகிறதா? 2024 ஓகஸ்டிலிருந்து, அப்படி அனுமதி இல்லாமல் 5 நாள் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் ஒரு பிள்ளைக்கு, தாய் தகப்பன் ஒவ்வொருவருக்கும் 80 பவுண் தண்டம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. இதைக் கலியாண அழைப்பிதழிலேயே போடலாம்.

இன்னொன்றையும் லண்டன் ஆட்களுக்காக எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் கோயில் வாசலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். சோசல் சேர்விஸ் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். பிள்ளையைக் கவுன்சில் அதிகாரி தன் விருப்பத்துக்கு எடுக்க முடியாது, பெற்றோரின் சம்மதமோ நீதிமன்றத்தின் ஆணையோ வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிசு எடுக்கலாம், அதுவும் 72 மணித்தியாலம் வரைதான். பெரும்பாலும் அவர்கள் வருவது உதவி தேவைப்படும் பிள்ளை என்ற பிரிவின் கீழ். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு 20 கிழமைக்குள் திட்டம் எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பல கவுன்சில்கள் பிந்துகின்றன. நம் ஆட்கள் வெட்கத்திலும் பயத்திலும் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். மொழிபெயர்க்கப் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தருவார்கள்.

சரி, ஊர்ப் பள்ளிக்கூடம். கணினி அறைக்கு நான் எதிரி இல்லை. என் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நாம் இதுவரை கட்டிய மதில், வகுப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் கேட்டது பற்றுச்சீட்டும் படமும்தான். பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆகவே அதிபருக்கு ஒன்றே ஒன்று எழுதினேன்: 2019இல் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எத்தனை, அவர்களில் 2024க்குரிய சாதாரண தரப் பரீட்சையில் இருந்தவர்கள் எத்தனை, மற்றவர்கள் எங்கே? இடையில் கொரோனா, பிறகு 2022இல் எண்ணெய் இல்லாமல் பள்ளிக்கூடம் பூட்டிய காலம். டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறியிருக்கலாம், குடும்பத்தோடு வெளிநாடு போயிருக்கலாம், மேசன் வேலைக்குப் போயிருக்கலாம். டவுனுக்குப் போனதுதான் காரணமென்றால் கணினி அறை பிடித்து நிறுத்தும். மேசன் வேலைதான் காரணமென்றால் வேறு ஏதாவது செய்ய வேண்டிவரும்.

அதிபர் புதன்கிழமை கோல் எடுத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். "பழைய இடாப்பு அலுமாரியில் இருக்குது அண்ணை, எண்ணித் தாறன். இவ்வளவு நாளும் வெளிநாட்டிலிருந்து எடுத்த ஆட்கள் பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழை இருக்குதோ எண்டுதான் கேட்டவை" என்றார். வகுப்பாசிரியர் ஒருவர் ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் சொல்லக்கூடியவராம், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணப் போகிறாராம்.

அடுத்த சூம் வருகிற மாதம் முதல் ஞாயிறு, லண்டன் காலை 10 மணி. ரொறன்ரோவில் அது விடிய 5 மணி, தம்பி குறைநினைக்க வேண்டாம். அதற்கு முன் அதிபரின் கணக்கு வந்தால் இங்கேயே போடுகிறேன். பெயர்கள் போட மாட்டேன், எண்ணிக்கை மட்டும்.

அன்புடன்,
லண்டனிலிருந்து