மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க், நண்பனோடு காரில்: மலை ரோடு பழகியவன் அங்கே ஸ்டியரிங் பிடிக்கலாமா?

கோத்தகிரி பச்சிலை:
வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் சின்னத் தேயிலைத் தோட்டம் நமக்கு. பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த சிநேகிதன் இப்போது மியூனிக்கில் வேலையில் இருக்கிறான். அக்டோபர் கடைசியில் அவனைப் பார்க்கப் போகிறேன், ஷெங்கன் விசா கைக்கு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அவன் காரில் கிளம்பி ஆஸ்திரியாவில் இருக்கிற சால்ஸ்பர்க் போய், இரவு தங்கி, ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். ஒரு வழிக்கு 145 கிலோமீட்டர் சொச்சம். "பாதி நீ ஓட்டு, பாதி நான் ஓட்டறேன்" என்கிறான்.

லைசென்ஸ் எடுத்ததிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் என் ஓட்டம். இலை மூட்டை ஏற்றிய பிக்கப்பை மூடுபனியில் ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டியதே இல்லை. வீட்டில் "பேசாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாங்க" என்கிறார்கள். லைசென்ஸ், டோல், பார்க்கிங் இதெல்லாம் எப்படி? ஓட்டலாமா, வேண்டாமா?

பர்லியார் மிளகு:
குன்னூர்க்காரன். மியூனிக்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ஓட்டுங்க, ஆனால் உங்கள் நண்பர் பிரித்த மாதிரி பாதிப் பாதி வேண்டாம். ஆட்டோபானை, அதாவது அங்கத்திய எக்ஸ்பிரஸ்வேயை, அவரிடம் விடுங்கள். மலை ரோடு வந்ததும் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நமக்கு வளைவு ஒரு பொருட்டே இல்லை, நேர் ரோடுதான் சிக்கல். மியூனிக்–சால்ஸ்பர்க் ஏ8 சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகள் உண்டு. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார், இண்டிகேட்டர் போட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்து நிற்கும். இடது லேன் முந்துவதற்கு மட்டும்தான். முந்தியதும் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். வலப்பக்கமாக முந்தக் கூடாது. நெரிசலில் வண்டிகள் நின்றால் இடது லேன்காரர்கள் இடப்புறமும் மற்றவர்கள் வலப்புறமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி விட வேண்டும், அது சட்டம். இதெல்லாம் நண்பருக்குக் கை வந்திருக்கும். நீங்கள் இர்ஷன்பெர்க் ஏற்றத்தில் ஆல்ப்ஸையும், அதைத் தாண்டிக் கீம்ஸே ஏரியையும் பார்த்துக்கொண்டு வாங்க.

இன்னொரு கூத்து: நம்ம மாருதியில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம், அங்கே இடது கைப்பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர்தான் ஆடும். கியர் வலது கைக்கு வந்துவிடும். கிளம்புவதற்கு முன் காலியான பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் சுற்றிப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயம்: ஊட்டி ஆர்டிஓ ஆபீஸில் இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துவிடுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், பர்மிட்டை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். காரின் இன்ஷூரன்ஸில் வேறு ஆள் ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று நண்பரை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அங்கே சில பாலிசிகளில் யார் ஓட்டலாம் என்பதே வரையறுக்கப்பட்டிருக்கும்.

டோல்: ஜெர்மனியில் காருக்கு ஆட்டோபான் டோல் கிடையாது. ஆஸ்திரிய மோட்டார்வேக்கு மட்டும் வின்யெட் என்ற பாஸ் வேண்டும். நம்ம மலைக்கு வருகிறவர்கள் இ-பாஸ் போடுகிற மாதிரி வண்டி நம்பரைக் கொடுத்து ஆன்லைனில் எடுப்பார்கள், ஆனால் இதற்குக் காசு. வால்ஸர்பெர்க் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் நோர்ட் எக்ஸிட் வரை ஏ1 சாலைக்கு மட்டும் 2019 டிசம்பரிலிருந்து விலக்கு. தவறி, தெற்கே போகிற ஏ10 பக்கம் திரும்பினால் பாஸ் கட்டாயம். அதனால் தெற்கே இருக்கிற பார்க் அண்ட் ரைடுக்கு (காரை விட்டுவிட்டு பஸ் ஏறுகிற இடம்) போகாமல், ஏ1-லேயே மெஸ்ஸே எக்ஸிட்டில் இறங்கி அங்கே வண்டியை விட்டு பஸ் பிடியுங்கள். பழைய நகரம் நடக்கிற இடம். மோன்ஷ்பெர்க் பாறையைக் குடைந்து ஒரு பார்க்கிங் கட்டியிருக்கிறார்கள், பார்க்க அதிசயம்தான், பர்ஸ் கொஞ்சம் அழும்.

திரும்பும்போதுதான் உங்கள் முறை. ஏ8 வேண்டாம். ஜெர்மனிப் பக்கத்து மலை ஊரான பெர்க்டெஸ்காடன் வழியாக வாங்க, அது சாதாரண ரோடு, வின்யெட் தேவையில்லை. அங்கிருந்து ராஸ்ஃபெல்ட் பனோரமா ரோடு ஏறுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. உச்சி சுமார் 1,570 மீட்டர், அவர்களுக்கு அது பெரிய உயரம். உங்கள் கோத்தகிரி அதைவிட 200 மீட்டர் மேலே இருக்கிறது! செகண்ட் கியரில் இறங்குகிற நம்ம பழக்கம் அங்கே அப்படியே உதவும். ஆனால் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்காதீர்கள், முறைப்பார்கள்.

குந்தா மழை:
மிளகு அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் கார் எதற்கு என்பதுதான் என் கேள்வி. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்துக்கு பயர்ன் டிக்கெட் என்று ஒரு ரயில் டிக்கெட் உண்டு. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் சேர்ந்து லோக்கல் ரயிலில் போகலாம், சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரை செல்லும். ஒரு நாளைக்குத்தான் செல்லும் என்பதால் திரும்பி வர இன்னொன்று. ஆட்டோபானும் வேண்டாம், பார்க்கிங்கும் வேண்டாம். இசைமேதை மோட்சார்ட் பிறந்த, கெட்ரைடேகாஸ்ஸே தெருவின் 9-ஆம் எண் வீடும், 1077-இல் கட்டத் தொடங்கிய ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையும் நடக்கிற தூரம்தான். கோட்டைக்கு ஏற 1892-இலிருந்து ஒரு கேபிள் ரயில் ஓடுகிறது. நம்ம குன்னூர் ரயில் மாதிரி பல்சக்கரம் இல்லை, கயிறு இழுக்கிறது.

கோத்தகிரி பச்சிலை:
மிளகு அண்ணே, நன்றிங்க. ராஸ்ஃபெல்ட் பெயரைக் கேட்டதுமே கை துறுதுறுக்குது. குந்தா தம்பி, ரயில் யோசனை நல்லதுதான், ஆனால் அவனோடு காரில் கதை பேசிக்கொண்டு போகத்தானே இவ்வளவு தூரம். அக்டோபர் கடைசியில் மேலே பனி இருக்குமா?

பர்லியார் மிளகு:
இருக்கலாம். ஊட்டி உறைபனி புல்லின் மேல் நிற்பதோடு சரி, இது ரோட்டில் நிற்கும். குளிர்கால டயர் மாற்றியாச்சா என்று நண்பரைக் கேளுங்கள். மாற்றவில்லை என்றாலோ பனி விழுந்திருந்தாலோ ராஸ்ஃபெல்டை விட்டுவிட்டு கோனிக்ஸே ஏரியில் எலக்ட்ரிக் படகு ஏறுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அன்று மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், மலையிலிருந்து அதற்கு முன் இறங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், ஜெர்மனிக்குள் திரும்பும்போது எல்லையில் நிறுத்திப் பார்ப்பார்கள்.