கறுத்த கைப்பிடி: ஒறிஜினலோ, ஊத்தையோ?

வெள்ளவத்தை_வாசுகி:
நேற்று என்ர லூயி விற்றோன் ஸ்பீடி 30 பாக்கை விக்கப் போட்டனான், 185,000 ரூபா. கீழ ஒருத்தர் வந்து "கைப்பிடி ஊத்தை பிடிச்சுக் கறுத்துப்போச்சு, பெட்டாச் சாமான்" எண்டு, கொழும்புப் பெட்டாச் சந்தைக் கள்ளச் சாமான் மாதிரி, எழுதிப்போட்டுப் போயிருக்கிறார். வாங்கக் கேட்ட பிள்ளை அதோட சத்தமில்லை. அதுக்குத்தான் இஞ்ச பகிரங்கமாச் சொல்லுறன். ஸ்பீடியின்ர கைப்பிடிக்குப் போடுறது பூச்சில்லாத மாட்டுத்தோல். வாங்கேக்க வெளிறின நிறம். வெயிலும் கையெண்ணெயும் பட்டுப் பட்டுத் தேன்நிறமாகி, பிறகு கபிலமாகும். கறுத்ததுதான் ஒறிஜினல் எண்டதுக்கு அடையாளம்! 2014இல பாரிஸ் ஷான்செலிசே 101ஆம் இலக்கக் கடையில வாங்கினது. லூர்து, ரோம், வேளாங்கண்ணி எல்லா இடமும் என்னோட வந்த பாக். பெட்டாவாம், பெட்டா.

செட்டியார்தெரு_சிவா:
எழுதினது நான்தான், ஒளிக்க ஒண்டுமில்லை. அக்கா, உங்கட படத்தைப் பெரிசாக்கிப் பாத்தனான். கைப்பிடியின்ர நடுப்பக்கம்தான் கறுப்பு, ரெண்டு நுனியும் வெள்ளை. வெயில்ல கறுத்தால் முழுக்கவெல்லோ கறுக்கவேணும்? நடுவில மட்டும் கறுத்தால் அது கையூத்தை. அதுக்கு 185,000ஓ?

வெள்ளவத்தை_வாசுகி:
பிடிக்கிற இடத்திலதானே தம்பி கை படும்! நீங்கள் பாக்கை நுனியிலயோ பிடிக்கிறனீங்கள்?

செட்டியார்தெரு_சிவா:
அப்ப கையூத்தை எண்டு நீங்களே ஒத்துக்கொண்டியள். நன்றி.

கொட்டாஞ்சேனை_ஜெனி:
கறுக்கிறதை வச்சு ஒண்டும் சொல்லேலாது. இப்ப கள்ளச் சாமான் செய்யிறவனும் நல்ல தோல் போடுறான், அதுவும் கறுக்கும். உள்ளுக்க தேதிக்குறி இருக்கோ அக்கா?

வெள்ளவத்தை_வாசுகி:
இருக்கு, 3124. முதலாம் மூண்டாம் இலக்கம் செய்த வாரம், ரெண்டாம் நாலாம் இலக்கம் வருசம். 2014இன்ர 32ஆவது வாரம். இனியாவது வாயை மூடுவினமோ?

செட்டியார்தெரு_சிவா:
32ஆவது வாரம் எண்டால் ஓகஸ்ட் 4இல இருந்து 10. ஓகஸ்ட் 15 லூர்துப் பெருநாளுக்கு இதே பாக்கோட நிண்ட படம் முந்தி ஒருக்கால் போட்டனீங்கள், எனக்கு நல்ல ஞாபகம். தைச்ச கையோட சுடச்சுடத் தந்தவங்களோ?

வெள்ளவத்தை_வாசுகி:
அது 2015 பெருநாள்! வருசம் பாக்கத் தெரியாதவர் எல்லாம் துப்பறிய வெளிக்கிட்டிட்டார்.

லாச்சப்பல்_லவன்:
பாரிசில இருந்து எழுதுறன். 2021இல தேதிக்குறியை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்க சிப் வைக்கத் தொடங்கிட்டினம், பழைய பாக்குக்கு அது இருக்காது. இன்னொண்டு, ஸ்பீடி ஒரே துண்டுக் கன்வசில வெட்டுறது. அதால ஒரு பக்கத்தில LV எழுத்துத் தலைகீழாத்தான் நிக்கும். அதைப் பாத்திட்டுக் கள்ளம் எண்டு கத்தாதேங்கோ. 25 சைஸ் ஹொலிவூட் நடிகை ஓட்ரி ஹெப்பேர்ன் கேட்டுச் செய்தது, அதிலயும் இதே தோல்தான்.

செட்டியார்தெரு_சிவா:
ஓட்ரி ஹெப்பேர்னின்ர கைப்பிடியும் நடுவில மட்டுமோ கறுத்தது? வந்திட்டினம் வெளியால இருந்து வகுப்பெடுக்க. இஞ்ச பெற்றோல் தட்டுப்பாட்டில நாங்கள் லைனில கிடக்கேக்க ஒருத்தரையும் காணேல்ல.

லாச்சப்பல்_லவன்:
அண்ணை, உங்கட லைனுக்குக் காசு அனுப்பினது ஆர்?

செட்டியார்தெரு_சிவா:
எனக்கு ஒரு சதமும் வரேல்ல. சரி, கைப்பிடிக்கு வாங்கோ. நான் நகைக்கடைக் குடும்பம். தங்கத்தைக் கல்லில உரைச்சுப் பாக்காமல் விலை சொல்லுறதில்லை. அக்கா கைப்பிடியில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு வீடியோ போடட்டும். பூச்சில்லாத தோல் எண்டால் உறிஞ்சிக் கறை விழும். ரெக்சின் எண்டால் உருண்டு ஓடும். ஒரே ஒரு சொட்டு!

வெள்ளவத்தை_வாசுகி:
விக்கிற சாமானில நானே கறை விழுத்தவோ? உமக்கென்ன விசரோ? கறை பாக்கவேணுமெண்டால் ஸிப் முடியிற இடத்துத் தோல்நாக்கைப் பாரும். மாதா உருவப் போத்தலில லூர்துத் தண்ணி கொண்டு வரேக்க மூடி கசிஞ்சு விழுந்த சொட்டு, கறுப்பு விளிம்போட அப்பிடியே நிக்குது. அம்மா அதைத் துடைக்க விடேல்ல.

பம்பலப்பிட்டி_அருண்:
இவ்வளவு நினைவு இருக்கிற பாக்கை ஏன் அக்கா விக்கிறியள்? நானெண்டால் அலுமாரியில வச்சிருப்பன்.

வெள்ளவத்தை_வாசுகி:
கொழும்புப் புழுக்கத்தில அலுமாரிக்க வச்சுப் பாரும். கைப்பிடியில பூஞ்சணம் வரும். நினைவு பாக்கிலயோ இருக்கு? நான் போன இடம் எனக்குத் தெரியும். மகளின்ர ஃபீசுக்கு நினைவைக் கட்டேலாது.

செட்டியார்தெரு_சிவா:
பூஞ்சணமும் வருமெண்டு இப்பதான் சொல்லுறா. தண்ணி விடமாட்டா. ஏனெண்டு எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு என்ர மனுசி உங்களிட்ட வாங்கின காஞ்சிபுரம் முதல் தோய்ச்சலிலயே சாயம் போனது. அதுக்கும் "ஒறிஜினல் எண்டால் அப்பிடித்தான்" எண்டனீங்கள். இப்ப கைப்பிடிக்கும் அதே கதை.

வெள்ளவத்தை_வாசுகி:
பட்டைச் சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சது ஆர்? மனுசியிட்டக் கேளும்!

செட்டியார்தெரு_சிவா:
சவர்க்காரத்தை விடுங்கோ. நடுவில ஏன் கறுப்பு?

பம்பலப்பிட்டி_அருண்:
அண்ணை, காஞ்சிபுரத்தைச் சவர்க்காரத்திலயோ தோய்ச்சது? கடவுளே.

செட்டியார்தெரு_சிவா:
தம்பி, உமக்குக் கலியாணம் ஆகட்டும், பிறகு கதைப்பம்.

கொட்டாஞ்சேனை_ஜெனி:
அக்கா, கைப்பிடி எனக்குப் பரவாயில்லை. 150க்குத் தருவியளோ?

வெள்ளவத்தை_வாசுகி:
185. ஒரு சதம் குறையாது.

செட்டியார்தெரு_சிவா:
ஊத்தையைக் கழிச்சுக் கேளுங்கோ ஜெனி.