புதுப்பிப்பு: அம்பாசடர் என்ஜின் பத்திரமாக இறங்கியது

கியர்பாக்ஸோடு வெளியே தூக்கும்போது என்ஜின் திடீரெனப் பின்பக்கம் சாய்ந்ததைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். ஒரே சங்கிலியைக் கொக்கியில் வெறுமனே தொங்கவிட்டிருந்ததால், எடை அதிகமுள்ள பக்கத்துக்கு அது நழுவியிருக்கிறது, தவறு என்னுடையதே.

இம்முறை, திருகுக் கைப்பிடியால் சாய்வை மாற்றக்கூடிய லோடு லெவலரை வாடகைக்கு எடுத்து, அதன் நான்கு சங்கிலிகளையும் 8.8 தர (உறுதி மிகுந்த எஃகு) போல்ட்டுகளால் என்ஜினோடு பிணைத்தேன். முன்பு சங்கிலி மிகவும் படுத்திருந்தது. கொக்கியிலிருந்து இரு பக்கமும் கால்போல் இறங்கும் சங்கிலி கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலும் எடையில் ஏறத்தாழ 58 விழுக்காட்டைத் தாங்கும். 30 பாகையிலோ ஒவ்வொன்றும் முழு எடைக்குச் சமமான இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும்.

கிரேனில் 2 டன் என்று பெரிதாக எழுதியிருந்தாலும், அதன் தூக்குக் கையை முழுதாக நீட்டினால் அரை டன்தான் என்பது கையின் நீளத்தை மாற்றும் துளையருகிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது (நான் அதைப் படித்ததே இப்போதுதான்).

மவுன்டிங்குக்கு (என்ஜின் உட்காரும் தாங்கிக்கு) மேலே இரண்டு அங்குலம் இருக்கையில் இறக்கத்தை நிறுத்திச் சுற்றிப் பார்த்தபோது, எர்த் கம்பி அடியில் சிக்கியிருந்தது. அதை விலக்கியபின், கிரேனை இறக்கும் வால்வை மயிரிழையளவே திறந்து, யாரும் அடியில் கை நீட்டாமல், நெம்புகோலால் துளைகளை நேர்ப்படுத்தி உட்கார வைத்தோம்.