ஸ்லீப்பிங் டாக்ஸ்: ஒரே மிஷனில் போலீஸ், ட்ரையட் இரண்டுக்கும் முழு மதிப்பெண் எடுப்பது எப்படி?

நண்பர்களே, 2012-ல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ் வீடியோ கேமை முழுதாக முடித்தவர்களிடம் ஓர் உதவி. ட்ரையட் எனப்படும் ஹாங்காங் குற்றக் கும்பலுக்குள் ஊடுருவிய போலீஸ்காரர் வெய் ஷென்னுக்கு மிஷன்தோறும் (ஆட்டத்தில் தரப்படும் ஒவ்வொரு பணியிலும்) போலீஸ், ட்ரையட் என இரண்டு தனித்தனி மதிப்பெண்.

போலீஸ் மதிப்பெண் முழுதாகத் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். பாதசாரியை இடித்தாலும் பொதுச் சொத்தை உடைத்தாலும் போச்சு. ட்ரையட் மதிப்பெண் பூஜ்யத்தில் தொடங்கும், அடிதடியில்தான் ஏறும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, எதிரியைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுற்றிலும் சிவப்பாக மின்னும் பொருளில் மோதவிட்டால் நன்றாக ஏறுகிறது.

சிக்கல் கார் துரத்தலில். குறுகலான சந்தில் வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் வழுக்கி, நடைபாதை ஓரக் கம்பியில் உரசுகிறது. ஒவ்வொரு உரசலுக்கும் போலீஸ் மதிப்பெண்ணில் ஒரு வெட்டு. பிரேக்கை முன்கூட்டியே பிடித்தால் துரத்தப்படும் வண்டி தப்பிவிடுகிறது. இதற்கு பைக் மேலா, கனமான கார் மேலா? பக்கவாட்டு இடிப்பை எந்த இடத்தில் போட்டால் எதிரி வண்டி கம்பத்தில் போய் மோதாமல் நிற்கும்?

இன்னொன்று: ஓடித் துரத்தும்போது தடுப்பைத் தாண்டும் பட்டனைத் தாமதமாக அழுத்தினால் போலீஸ் மதிப்பெண் குறையுமா?

பழைய மிஷனைத் திரும்ப ஆடி மதிப்பெண்ணைச் சரிசெய்தவர்கள் முறையை விளக்கமாக எழுதுங்கள். கதையின் முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், புதிதாக ஆடுபவர்களும் இதைப் படிப்பார்கள்.