அப்பப்பா சொன்ன குண்டுவீச்சு: திருகோணமலை, 1942

எங்கள் அப்பப்பா திருகோணமலை டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல் துறையில், சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. காலையில் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே சைரன் அடித்திருக்கிறது. ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் ஜப்பான்காரர் குண்டு போட்ட செய்தி ஊருக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அதனால் அப்பம்மாவும் பிள்ளைகளும் மாட்டுவண்டி பிடித்துத் தம்பலகாமம் போய்விட்டார்கள். அப்பப்பா மட்டும் சம்பளத்துக்காக நின்றுவிட்டார்.

வந்தவை நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் குப்புறப் படுத்தாராம். குண்டுச் சத்தத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. வாய்க்குள் மண் போனதையும், பக்கத்தில் படுத்திருந்தவர் தன் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்ததையும்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். எல்லாம் ஓய்ந்து எழும்பப் பார்த்தால் பிடி விடவில்லை. அந்த மனிதருக்கு உயிர் இல்லை.

அப்புறம் புகை. சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் (எண்ணெய் சேமிக்கும் பெரிய இரும்புத் தாங்கி) ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் விழுந்து, ஏழு நாள் எரிந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீரிலேயே கரி மிதந்ததாம். அந்தக் குதத்தை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள்ளே, தடித்த இரும்புத் தகடுகள் மெழுகு போல உருகிச் சரிந்து, துருவேறிக் கிடக்கின்றன.

கப்பல்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தாக்குதல் வருகிறது என்ற எச்சரிக்கையில் முதல்நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிரித்தானியாவின் ஹெர்மிஸ், விமானந்தாங்கிக் கப்பலாக இருந்தும் ஒரு விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 300க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். கானுக்குள் செத்துப்போன கூலியாளுக்கு என்ன இருக்கிறது? அவர் மூதூர்ப் பக்கத்து ஆள், வேலைக்குப் புதிதாக வந்தவர் என்பது மட்டும்தான் அப்பப்பாவுக்குத் தெரியும். பெயரைக் கேட்காமல் விட்டேனே என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் யாருடைய வீட்டிலாவது, டொக்யாட்டுக்குப் போனவர் அன்றைக்குத் திரும்பி வரவில்லை என்று ஒரு கதை இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பெயர் தெரிந்தால் பெயரோடு.