தங்கச்சிக்கு நகரத் திட்டமிடல் படிக்கணுமாம்: கையைக் கடிக்காமல் எங்கே சேர்ப்பது?

வியாசை அண்ணன்:

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சி பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், மேத்ஸ் உண்டு. எங்கள் வீட்டில் டிகிரி என்று யாருக்கும் கிடையாது. நான் ஐடிஐ, தண்டையார்பேட்டையில் லாரி ஷெட் வேலை. நைனா காசிமேட்டில் ஐஸ் லோடு இறக்குகிறார்.

இவளுக்கு இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீர் நின்ற உயரத்துக்கு அம்மா வாசல் நிலையில் கண்மையால் ஒரு கோடு போட்டு வைப்பார். 2015 கோடு என் இடுப்புக்கு இருக்கும். 2021 முட்டிக்குக் கீழே. 2023 மிக்ஜாம் கோடு, 2015-க்கு நாலு விரல்தான் கம்மி. ஆனால் அந்த மிக்ஜாமில் ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வாசப்படிகூட நனையவில்லை. ஏன் என்று இவள் இன்ச் டேப்பும் நோட்டுமாகத் தெருத்தெருவாக அளக்கக் கிளம்பிவிட்டாள். "ரோடு போடுறப்ப பழசைச் சுரண்டாம மேலயே போடுறாங்கண்ணா. ரோடு ஏறுது, நம்ம வீடு இறங்குது" என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். எங்கள் வாசலில் மட்டும் ஒன்பது அங்குலமாம்.

இப்போது பிரச்சினை. ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் காலேஜ் ஆள் (பெயர் வேண்டாம்) ட்யூஷன் சென்டருக்கு வந்து, ஆர்க்கிடெக்சரும் பிளானிங்கும் ஒன்றுதான், டிராயிங் கோச்சிங்குக்கு 40,000, வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் 10,000 என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதைத் தனியாகப் படிக்க முடியுமா? எங்களால் தாங்குகிற செலவில் எங்கே? படித்தால் வேலை உண்டா?

ஓட்டேரிக்காரி:

தம்பி, முதலில் அந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ரெண்டும் ஒன்றில்லை. ஆர்க்கிடெக்சர் ஐந்து வருஷம், கட்டிடம். பி.பிளான், அதாவது பிளானிங் பட்டம், நாலு வருஷம், ஊர். டிராயிங் தேர்வு ஆர்க்கிடெக்சருக்குத்தான். பி.பிளானுக்கு ஜேஇஇ மெயினில் 2பி என்று தனித் தாள் இருக்கிறது: கணக்கு, ஆப்டிட்யூட், பிளானிங் பற்றிய கேள்விகள். தமிழிலும் எழுதலாம். மேத்ஸ் படித்திருக்க வேண்டும்.

அந்த மார்க்கை வைத்து ஜோசா என்கிற மத்திய கவுன்சலிங்கில் டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ.க்களுக்கு (திட்டமிடல், கட்டிடக்கலைப் பள்ளிகள்) போகலாம். மூன்றுமே மத்திய அரசுக் கல்லூரிகள். நமக்குப் பக்கம் விஜயவாடா.

இன்னொரு வழி நான் வந்தது. பொறியியல் கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியில் சிவில், அப்புறம் அண்ணா பல்கலையின் கட்டிடக்கலை, திட்டமிடல் பள்ளியில் ரெண்டு வருஷம் எம்.பிளான். உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. இ-சேவையில் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள், சிவிலுக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாலு வருஷம் பீமும் தூணும்தான். ஊர் என்ற பேச்சே வராது. எனக்கு மூன்றாம் வருஷமே அலுத்துவிட்டது. டேப் பிடித்துத் தெருவை அளக்கிற பெண்ணை அதில் போட எனக்கு மனசில்லை. 2பி எழுதட்டும், சிவிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் மட்டும் செலவில்லை, இதை எந்தக் காலேஜும் சொல்லாது. ஸ்டூடியோ என்கிற செய்முறை வகுப்புக்கு மேப் மேப்பாகப் பிரிண்ட் எடுக்க வேண்டும், ஏ1 சைஸ், கலரில். ஜூரிக்கு (நம் வேலையை மதிப்பிடும் நாள்) முந்தின ராத்திரி ஒரு ஷீட்டில் 'பக்கிங்காம்' எழுத்து தப்பாகிவிட்டது. திரும்ப முழு ஷீட், திரும்பக் காசு. அந்த வாரம் மதியத்துக்கு பன்னும் டீயும்தான். ஓரளவு நல்ல லேப்டாப்பும் வேண்டும். சாஃப்ட்வேருக்குக் கவலையில்லை, மேப் போடுகிற கியூஜிஐஎஸ் இலவசம்.

தனியார் எதையாவது பார்த்தே ஆக வேண்டுமென்றால் ரெண்டு கேள்வி கேளுங்கள். ஐ.டி.பி.ஐ. (பேங்க் இல்லை, நகரத் திட்டமிடுவோர் சங்கம், 1951 முதல் இருக்கிறது) அங்கீகாரம் இந்தப் படிப்புக்கு உண்டா? ஸ்டூடியோ எடுக்கிறவர்களில் பிளானிங் படித்தவர்கள் எத்தனை பேர்? பதிலில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பினாகினி:

கொருக்குப்பேட்டை பையன், விஜயவாடா எஸ்.பி.ஏ.வில் பி.பிளான் முடித்தவன். சென்ட்ரலில் மதியம் பினாகினி ஏறினால் ராத்திரி அங்கே. கிளாஸ் இங்கிலீஷ், முதல் செமஸ்டர் திணறத்தான் செய்யும். வீடு வீடாக சர்வே போகும்போது மட்டும் நான்தான் ராஜா. கொருக்குப்பேட்டையில் பக்கத்து வீட்டில் கேட்ட தெலுங்கு காப்பாற்றியது. சாப்பாட்டில் காரம் உண்டு, கோங்குரா பழகிவிடும்.

கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. எங்கள் ஏரியா பேங்கில் கேட்டார்கள், வேறு கிளைக்குப் போகவும் சொன்னார்கள். வாயால் பேசிக்கொண்டிருக்காமல் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பம் போட்டோம், நம்பர் விழுந்ததும் குரல் இறங்கிவிட்டது.

பழைய நில அளவையர்:

வேலை பற்றி யாரும் சொல்லவில்லையே. அரசில் இரண்டு இடம்: சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), நகர் ஊரமைப்பு இயக்ககம். உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. அதன் பழைய அறிவிக்கையை இறக்கி, கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். காலேஜ் நோட்டீஸை நம்பிச் சேர்ந்துவிட்டு, பிறகு 'இணையான பட்டம்' கேட்டு அலைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022-ல் 5,904 ஆகிவிட்டது. வேலை கிடக்கிறது. பதவி போடுவார்களா என்பது வேறு கதை. தனியார் கன்சல்டன்சியையும் கணக்கில் வையுங்கள்.

வியாசை அண்ணன்:

எல்லாருக்கும் நன்றி. அட்வான்ஸில் 2,000 ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது, அது போனது போனதுதான். முதல் பட்டதாரி சான்றுக்கு நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். தங்கச்சி 2பி பழைய தாளை என் போனில் இறக்கிவிட்டாள், போன் இன்னும் திரும்பி வரவில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரே கேள்வி, பினாகினி தம்பி. அந்த ஊரில் தண்ணி நிக்குமா?

பினாகினி:

பொய் சொல்ல மாட்டேன் அண்ணா. 2024 செப்டம்பரில் புடமேறு என்கிற ஓடை பொங்கி ஊருக்குள் வந்துவிட்டது. ஆட்கள் படகில்தான் போனார்கள்.

வியாசை அண்ணன்:

அம்மாவிடம் இதைக் காட்டுவதற்குள் இவள் படித்துவிட்டாள். புடமேறு எங்கே ஓடுகிறது என்று மேப்பைத் திறந்து உட்கார்ந்திருக்கிறாள்.