காட்டேரிக் கதை படிக்கும்போது நாம் ஏன் காட்டேரி பக்கம் போய் நிற்கிறோம்?

தூங்காதவன்:

ரொம்ப நாளாக மண்டைக்குள் குடையும் விஷயம். 'லெட் த ரைட் ஒன் இன்' என்ற ஸ்வீடிஷ் படத்தை (2008) சிலர் பார்த்திருப்பீர்கள், யோன் அய்விடெ லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவலில் இருந்து எடுத்தது. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பள்ளியில் தினமும் அடி வாங்கும் பன்னிரண்டு வயது ஆஸ்கர். பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் ஏலி. ஏலிக்கும் பார்த்தால் பன்னிரண்டுதான், ஆனால் அந்தப் பன்னிரண்டு வெகுகாலமாக அப்படியே நிற்கிறது. கடைசியில் நீச்சல்குளக் காட்சி. வம்பு செய்கிறவனின் அண்ணன் ஆஸ்கரின் முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்குகிறான், மூன்று நிமிடம் மூச்சுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கண் போய்விடும் என்கிறான். கேமரா ஆஸ்கரோடு தண்ணீருக்கு அடியிலேயே நிற்கிறது. மேலே ஏதோ மங்கலாகச் சத்தம். யாரோ ஒருவனின் கால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இழுபட்டுப் போகின்றன. அப்புறம் முடியைப் பிடித்திருந்த அந்தக் கை, கை மட்டும், மெதுவாகக் கீழே இறங்குகிறது.

நான் கைதட்டாத குறை. அவ்வளவு சந்தோஷம். படம் முடிந்து அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, செத்தவர்கள் பள்ளிக்கூடப் பையன்கள். ஆஸ்கரின் அப்பா வந்து அந்தப் பையன்களை வெட்டியிருந்தால் நான் படத்தையே அணைத்திருப்பேன். காட்டேரி செய்தால் மட்டும் எனக்கு எப்படி இனித்தது?

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? 'ரத்தம், இருட்டு, கவர்ச்சி' என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். எந்தக் கதை, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

மர அலமாரி:

எனக்கு 'டிராகுலா' (1897). நம் ஆட்கள் எந்தக் காட்டேரியையும் டிராகுலா என்றே சொல்லிவிடுவார்கள், நான் சொல்வது பிராம் ஸ்டோக்கர் எழுதிய அசல் நாவலை. எல்லோரும் காட்டேரியான கோமகன் டிராகுலாவைப் பற்றியே பேசுவார்கள், எனக்குத் தூக்கம் கெட்டது அந்த நல்ல மனிதர்களால்.

லூசிக்கு ஒரே நாளில் மூன்று பேர் திருமணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறார்கள். தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள், ஒரு பெண் மூன்று பேரையும், ஏன் கேட்கிற எல்லோரையும், கட்டிக்கொள்ள விட்டால் என்னவாம் என்று. எழுதிய கையோடு, ஐயோ இப்படிச் சொல்வதே பாவம் என்றும் எழுதிவிடுகிறாள். பிறகு கோமகன் ரத்தத்தைக் குடித்து அவள் உடம்பு வெளுக்கும்போது நான்கு ஆண்களின் ரத்தம் ஒருவர் பின் ஒருவராக அவளுக்குள் ஏற்றப்படுகிறது. (ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டதே 1901இல்தான், நிஜத்தில் இந்த வைத்தியமே அவளைக் கொன்றிருக்கலாம்.) அவளை அடக்கம் செய்த பிறகு, அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஆர்தர், என் ரத்தம் அவளுக்குள் ஓடியதால் கடவுள் முன்னால் அவள் என் மனைவியாகிவிட்டாள் என்கிறான். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான், அவர்கள் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. அந்த மூவரில் ஒருவரான டாக்டர் வான் ஹெல்சிங் பிறகு தனியாக விழுந்து விழுந்து சிரிக்கிறார், அந்தக் கணக்குப்படி பார்த்தால் நானும் இரண்டு பெண்டாட்டிக்காரன் என்று.

அதாவது அவள் விளையாட்டாகக் கேட்டது வேறு வழியில் நடந்துவிட்டது. பிறகு கல்லறையில், அவளும் காட்டேரியாகி எழுந்து குழந்தைகளைக் கடிக்கிறாள் என்று தெரிந்த பிறகு, கட்டிக்கொள்ள இருந்தவனே, காட்டேரியைக் கொல்லும் கூரான கட்டையை நெஞ்சில் வைத்து அடிக்கிறான், மற்றவர்கள் ஜபம் சொல்கிறார்கள், அவள் பல்லே அவள் உதட்டைக் கிழிக்கிறது, அவன் நிறுத்தவில்லை. முகம் பழையபடி சாந்தமான பிறகு முத்தம் கொடுக்க அவனுக்கு அனுமதி கிடைக்கிறது. அப்புறம் தலையை வெட்டி வாயில் பூண்டை அடைக்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது கட்டை சீக்கிரம் இறங்கினால் தேவலை என்றிருந்தது எனக்கு. இறங்கியதும் 'அப்பாடா'. அந்த 'அப்பாடா'வைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் வாயை அடைப்பதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கிறேன், நானும் ஒரு பெண்தான்.

கறார்_விமர்சகன்:

மன்னிக்கவும், எனக்கு ஒப்பவில்லை. காட்டேரிக் கதை யாருடைய ஒழுக்கத்தையும் அசைத்துப் பார்த்ததில்லை. முந்நூறு பக்கம் தப்புத்தண்டா எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டிவிட்டு, கடைசி இருபது பக்கத்தில் கட்டையை இறக்கி, 'பார்த்தீர்களா, தப்பு செய்தால் இதுதான் கதி' என்று அனுப்பிவிடும். மறுநாள் வாசகன் பழைய ஆள்தான். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறின கதை.

இந்தக் காலத்துக் கதைகள் இன்னும் மோசம். மிருக ரத்தம் மட்டும் குடிப்பானாம், தன்னைச் சைவம் என்று சொல்லிக்கொள்வானாம். கொலைகாரனைக் காதலிக்கிறோம் என்ற சங்கடமே இல்லாமல் காதலித்துக்கொள்ள ஒரு வசதி, வேறென்ன.

தூங்காதவன், நீங்கள் கைதட்டியதற்கும் காட்டேரிக்கும் சம்பந்தமே இல்லை. அது சாதாரணப் பழிவாங்கும் கதை. ஹீரோ வந்து பத்துப் பேரை வெட்டினாலும் இதே கைதட்டல்தான். பல் மட்டும் கொஞ்சம் நீளம்.

மீனாள்:

@கறார்_விமர்சகன், கட்டை இறங்கினால்தான் காட்டேரிக் கதை என்று யார் சொன்னது? ஆங்கிலத்தில் இந்த வகைக்கே வழிபோட்ட பொலிடோரியின் 'தி வாம்பயர்' (1819) கதையில் கட்டையே கிடையாது. சாகக் கிடக்கும் ரூத்வென் பிரபு, ஒரு வருடமும் ஒரு நாளும் என்னைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய் என்கிறான், நண்பன் ஆப்ரி செய்துகொடுக்கிறான். செத்தவன் எழுந்து வந்து ஆப்ரியின் தங்கையைக் கட்டிக்கொள்ள நாள் குறிக்கிறான். ஆப்ரி வாயைத் திறந்தால் சத்தியம் போச்சு, திறக்காவிட்டால் தங்கை போனாள். கெடு முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டுகிறான், ஆட்கள் ஓடுகிறார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரூத்வென் தப்பிவிடுகிறான். சொன்ன சொல் தவறாமை என்று சின்ன வயதில் இருந்து நமக்கு ஊட்டிய விஷயத்தைத்தான் அவன் ஆயுதமாக எடுக்கிறான். கெட்டவனுக்கு அது பொருட்டே இல்லை, நல்லவனுக்குப் பொருட்டாக இருப்பதால்தான் அவனால் கட்டிப்போட முடிகிறது.

ஆனால் நான் மாட்டிய இடம் இது இல்லை. ஆன் ரைஸின் 'இன்டர்வியூ வித் த வாம்பயர்' (1976). லெஸ்டாட் என்ற காட்டேரி, சாகக் கிடக்கும் ஐந்து வயதுக் குழந்தை கிளாடியாவைக் காட்டேரியாக்குகிறான், தன்னை விட்டுப் போகப் பார்க்கும் கூட்டாளிக் காட்டேரி லூயியை வீட்டோடு கட்டிவைக்க. பத்துப் பத்து வருடங்களாக ஓடுகின்றன. மனசு வளர்ந்து முழுப் பெண்ணாகிவிட்டது, கை இன்னும் கதவுப்பிடிக்கு எட்டாத கை. பின்னால் பொம்மை செய்கிற ஒரு பெண் வருகிறாள், தன் மகளைப் பறிகொடுத்தவள், மகள் முகத்தையே திரும்பத் திரும்பப் பொம்மையில் செய்துகொண்டிருப்பவள். அவள் கிளாடியாவின் அளவுக்கு நாற்காலி, மேசை எல்லாம் செய்து கொடுக்கிறாள். கிளாடியா முதல்முறையாகத் தரையில் கால் பதிய உட்காருவதை நினைத்துப் பார்த்தேன், அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

கல்லூரியில் படித்தபோது லெஸ்டாட்டைத் திட்டித் தீர்த்தேன். மகள் பிறந்த பிறகு திரும்பப் படித்தேன். அவளுக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு ராத்திரி விழித்திருந்து, மூன்றாம் நாள் தூங்கவிட்டு எடுத்த புத்தகம். அந்தக் கட்டிலில் கிடப்பது என் பிள்ளையாக இருந்து, ஒருவன் வந்து 'இவள் சாக மாட்டாள், ஆனால் வளர மாட்டாள், கொன்று தின்று பிழைப்பாள்' என்றால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு விடை தெரியும். அதுதான் பிரச்சினை. ரைஸின் மகள் 1972இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள், ஆறு வயதுகூட நிரம்பவில்லை. இது தெரிந்த பிறகு லெஸ்டாட்டைத் திட்ட வாய் வரவில்லை. அதற்காக அவன் செய்தது சரியென்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் அப்படியே இருக்கிறது.

பகல்நேர ஆள்:

கட்டையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ரிச்சர்ட் மாதிசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' (1954). தொற்றுநோயில் ஊர் உலகமே காட்டேரியாகிவிட்டது, ராபர்ட் நெவில் ஒருவன்தான் மிச்சம். ராத்திரி கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பகலில் கட்டைகளைச் சீவி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவான், தூங்குகிறவர்களைக் குத்துவான், சாயங்காலம் திரும்புவான். வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரிதான் எழுதியிருக்கும். நானும் அப்படித்தான் படித்தேன், இன்றைக்கு இத்தனை வீடு முடிந்தது என்று.

கடைசியில்தான் தெரிகிறது, தொற்று இருந்தும் மருந்து போட்டுக்கொண்டு புத்தி தெளிவாக வாழும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்கள் புதிதாக ஒரு சமூகமே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவன் குத்தியவர்களில் அவர்களின் ஆட்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் பூதம் இவன்தான், தூங்கும்போது வந்து நெஞ்சில் குத்துகிறவன். ஜன்னல் வழியாகக் கீழே நிற்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்க்கிறான், தான் அவர்களைப் பார்த்துப் பயந்த அதே பயம் அங்கே. 2007இல் தியேட்டரில் ஓடிய படத்தில் இதை எடுத்துவிட்டு அவனைத் தியாகியாக்கிவிட்டார்கள், தலைப்பு மட்டும் மிச்சம். அர்த்தம் போச்சு.

கறார்_விமர்சகன்:

சரி, நெவில் விஷயத்தில் வாயடைத்துவிட்டீர்கள், அதைப் பள்ளியில் படித்தது, மறந்தே போயிருந்தது. ஆப்ரி கதையையும் தேடிப் படிக்கிறேன். சைவக் காட்டேரிகள் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

தூங்காதவன்:

எல்லோருக்கும் நன்றி. மர அலமாரியின் 'அப்பாடா'தான் என் கைதட்டலும் என்று தோன்றுகிறது.

பழிவாங்கும் கதை என்று சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். பாதி சரி. ஆனால் பழிவாங்கும் ஹீரோ வழியில் போகிறவனைக் கொல்ல மாட்டான். ஏலி கொல்வாள். படத்தின் முற்பகுதியில் சுரங்கப்பாதையில் குளிரில் உட்கார்ந்து 'உதவி செய்யுங்கள்' என்று கூப்பிடுவாள், வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் குழந்தைதானே என்று தூக்கிக்கொள்வார், அந்த இடத்திலேயே அவர் கதை முடியும். அவர் செய்த ஒரே தப்பு இரக்கம். இதைப் பார்த்த பிறகும் ஒரு மணி நேரத்தில் நான் அவள் கட்சி. யாராவது அழைத்தால்தான் காட்டேரி வீட்டுக்குள் வரலாம். அழைக்காமல் வந்தால் என்ன ஆகும் என்று ஆஸ்கர் சீண்ட, அவள் உள்ளே வந்து நின்று உடம்பெல்லாம் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் அவன் பதறி 'வா, வரலாம்' என்று கத்துவானே, அங்கேதான் நானும் கதவைத் திறந்துவிட்டேன் போலிருக்கிறது. அதற்கு மேல் அவள் செய்வதெல்லாம் என் வீட்டுப் பிள்ளை செய்வது.

நேற்று ராத்திரி நீச்சல்குளக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆஸ்கர் தண்ணீரில் இருந்து தலையைத் தூக்கி ஏலியைப் பார்த்துச் சிரிக்கிறான், பிறகு குளத்தைத் தூரத்தில் இருந்து காட்டுகிறார்கள். அங்கே ஓரமாக பெஞ்சில் ஒரு பையன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான், அந்தக் கும்பலில் ஒருவன், முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். முதல் தடவை பார்த்தபோது அவன் என் கண்ணிலேயே படவில்லை.